மூன்றாவது சொக்கற்

நோர்வேயில் இருந்து வந்த நாலாம் நாள், நிர்மலன் ஒரு சின்னப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்து உடுவிலில் றொசாந்தி நடத்தும் போன் திருத்தும் கடைக்குப் போனான். அவனுக்கு நாற்பத்துமூன்று வயது, அவளுக்கு நாற்பத்தாறு. சிறு வயதில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கிடுகு வேலிதான் இருந்தது.

“அக்கா, ஒரு வேலை இருக்கு. போனில்லை.”

பெட்டிக்குள் வரிசையாக அலுமினியத் தகடுகள். ஒவ்வொன்றிலும் குமிழ்களும் வட்டத் துளைகளும். துளைக்குத் துளை நிற நிறமான வயர்கள் ஓடின. ஓரத்தில் ஒரு சின்னக் கீபோட்.

“என்னடா உது? டெலிபோன் எக்ஸ்சேஞ்சோ?”

“மொடியுலர் சிந்தசைசர் எண்டு ஒரு வாத்தியம். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு வேலை செய்யும். நாங்கள்தான் வயர் குடுத்து ஒண்டோடை ஒண்டைக் கதைக்க விடவேணும்.”

ஒரு துண்டைக் கழற்றி மேசையில் வைத்தான். “சத்தம் பிறக்கிறது இதிலைதான். வெளியிலை வாற ரெண்டு சத்தமும் கரகரப்பு. ஆனால் உள்ளுக்கை முதல்லை உண்டாகிறது மெல்லிசான ஒரு சத்தம். செய்தவங்கள் அதை வெளியிலை எடுக்கேல்லை. அதுக்கு, வயர் செருக இன்னொரு சொக்கற் போட்டுத் தாறியளோ?”

“அது உனக்கு என்னத்துக்கு?”

“எங்கடை கோயில் ஓர்கன்ரை சத்தம் அதுதான் எண்டு நினைக்கிறன்.”

றொசாந்தி விளக்கைப் பக்கத்தில் இழுத்தாள்.

தேவாலயத்தில் இருந்த அந்த ஓர்கன் காலால் மிதித்துக் காற்றடைக்கும் வகை. வாசித்த ஆசிரியர் கொழும்புக்குப் போனபிறகு, பதினொரு வயது நிர்மலனுக்கு மட்டுமே வாசிக்கத் தெரிந்திருந்தது. ஆனால் அவனுக்குக் கால் எட்டாது. அதனால் ஞாயிறு தோறும் றொசாந்தி ஓர்கனுக்கு அடியில் சப்பாணி கட்டியிருந்து, இரண்டு மிதிகளையும் கையால் மாறி மாறி அமுக்குவாள். ஆராதனை முடிய எல்லாரும் நிர்மலனின் தலையைத் தடவிவிட்டுப் போவார்கள். அவள் சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு பின்னால் வருவாள். தொண்ணூற்றைந்தில் போரால் ஊரே இடம்பெயர்ந்தது. நிர்மலனின் குடும்பம் பிறகு திரும்பவில்லை.

அவள் முதலில் தகட்டின் பின்னால் இருந்த சேர்க்கிட் போட்டைக் கழற்றி எடுத்துவிட்டு, ஏற்கெனவே இருந்த இரண்டு சொக்கற்றுகளுக்கும் நடுவே தகட்டில் ஓட்டை போட்டாள். அவன் காட்டிய புள்ளியில் இருந்து புதிய சொக்கற்றுக்கு ஒரு வயர் பற்றவைத்தாள். சத்தம் வந்தது. ஆனால் வயரைச் செருகியதும் எல்லாச் சத்தங்களின் சுருதியும் இறங்கியது. உருவினால் மற்றச் சத்தங்களின் சுருதி பழையபடி ஏறியது.

“பழுதாக்கிப்போட்டமோ?” நிர்மலனின் முகம் வாடிவிட்டது.

“பொறு. நேரா எடுத்தால் அதின்ரை பலத்தை நாங்கள் உறிஞ்சிறம். அதுதான் தளருது.” பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் போட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இந்த ஐசி சிப்புக்குள்ளை ரெண்டு பகுதி இருக்கு. ஒண்டு சும்மா கிடக்கு. அதை நடுவிலை போடுவம். உள்ளுக்கை இருக்கிறதுக்குப் பாரம் குடுக்காமல், சத்தத்தை அது வெளியிலை தள்ளும்.”

சும்மா கிடந்த பகுதியைக் கட்டிவைத்திருந்த செப்புக் கோட்டை வெட்டுக்கத்தி நுனியால் அறுத்தாள். மயிர் போன்ற மூன்று வயர்களைப் பற்றவைத்தாள். நிர்மலன் வயரைச் செருகினான். இந்த முறை சுருதி அசையவில்லை.

அவன் கீபோட்டில் மாலை ஆராதனையின் கடைசிப் பாட்டைத் தொடங்கினான். மரக்குழல் போன்ற அடங்கிய ஒலி கடையை நிறைத்தது.

“இதுதான், அக்கா!”

“இல்லை. ஓர்கன்லை காத்து ஒழுகும். சத்தத்துக்கு முன்னாலை புஸ் எண்டும்.”

“எனக்கு அப்பிடி ஞாபகமில்லையே.”

“உனக்குக் கேட்டிராது. எனக்குக் காதுக்குப் பக்கத்திலை.”

அவன் இரைச்சல் தரும் இன்னொரு துண்டில் இருந்து கொஞ்சம் கலந்தான். கூட, குறைய என்று அவள் கையால் காட்டினாள். பிறகு தலையாட்டினாள். அவன் மீண்டும் வாசித்தான்.

“மூண்டாம் வரியிலை இப்பவும் இழுக்கிறாய்.”

“அது உணர்ச்சிக்கு. நோர்வேயிலையும் அந்த இடத்தைத்தான் எல்லாரும் மெச்சிறவை.”

“உணர்ச்சியோ? அதிலை வரேக்கை எனக்குக் கை உளைஞ்சுபோகும். காத்து வரும்வரைக்கும் நீ பாத்துக்கொண்டு இருப்பாய்.”

நிர்மலன் விரல்களை எடுத்துவிட்டான். முப்பது வருடம் தன்னுடைய பாணி என்று நினைத்திருந்ததை அவன் மனதுக்குள் ஒருமுறை வாசித்துப் பார்த்தது முகத்தில் தெரிந்தது. பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்தது. அவளுக்குக் கண் கலங்கும்வரை சிரிப்பு.

“நீங்கள் ஊருக்குத் திரும்பி வரேக்கை ஓர்கன் இருந்ததோ?” என்று மெல்லக் கேட்டான்.

“இல்லை. நிலத்திலை அது நிண்ட அடையாளம் மட்டும் இருந்தது. நான் அதிலை கொஞ்ச நேரம் சப்பாணி கட்டி இருந்திட்டு வந்தனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

அவன் பாட்டை முதலில் இருந்து தொடங்கினான். மூன்றாம் வரியை இழுத்தே வாசித்தான்.

தன் போனை வாங்க வந்த லூர்த்தம்மா, பாட்டு முடியும்வரை வாசலிலேயே நின்றார்.

“ஆர், பிள்ளை, வாசிச்சது?”

“நாங்கள்தான், மாமி” என்றாள் றொசாந்தி.