பஞ்சி

ஆறு பத்துக்கு மணி அடிக்கும். எழுந்து ஹீட்டரின் திருகை இரண்டிலிருந்து நான்குக்குத் திருப்புவேன். கேத்தலில் தண்ணீர் வைப்பேன். மேசையில் இருக்கும் வெள்ளை வெளிச்ச விளக்கைப் போடுவேன். குளிர்காலச் சோர்வுக்கு அதன் முன்னால் தினமும் அரை மணி நேரம் இருக்க வேண்டும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. தேநீரோடு இருப்பேன். வைற்றமின் குளிசை ஒன்று. மகளின் உடுப்பைப் போடும் ஒழுங்கில் கதிரையில் அடுக்குவேன்: பெனியன், கம்பளிக் காலுறை, மேற்சட்டை, தொப்பி. கடைசியாகப் போர்வைக்குள் கையை விட்டு அவள் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருக்கும். ஏழு ஐந்துக்கு எழுப்புவேன்.

இப்படிப் பதினொரு மாதம்.

2009 ஜனவரியில், நத்தார் விடுமுறை முடிந்து கிண்டர்கார்டன் திறந்த நாளன்று, ஜெர்மனியின் ஹம் நகரத்தில் மைனஸ் பதினாறு. பாதம் குளிர்ந்திருந்தது.

"ஆதிரை, எழும்புங்கோ."

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"அப்பா, பஞ்சியாக் கிடக்கு."

அவளுக்கு நான்கு வயது. பதினொரு மாதமாக அந்தச் சொல் இந்த வீட்டில் கேட்கவில்லை. நான் சொல்வதில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

யாழ்ப்பாணத்தில் பஞ்சி பெரிய சொல் அல்ல. குளிக்கப் பஞ்சி, கடைக்குப் போகப் பஞ்சி. சோம்பல் என்றும் கொள்ளலாம், மனமில்லை என்றும் கொள்ளலாம். உடம்பு ஏலாமல் போவதையும் அதே சொல்லால்தான் சொல்வார்கள். எது என்பதைச் சொல்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். முன்பு ஒருமுறை நான் முகத்தைப் பார்க்கவில்லை.

என் மனைவி மைதிலி 2003இல் உடுவிலிலிருந்து என்னைக் கட்டி வந்தவள். டொச், அதாவது ஜெர்மன் மொழி, அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அலுவலகம், கடை, டொக்டர் எல்லா இடத்திலும் நான்தான் வாய். அது எனக்குப் பழக்கமான வேலை. ஒன்பது வயதில் அம்மாவோடு அகதியாக வந்தேன். பதினொரு வயதில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். அம்மா அழுது அழுது பத்து நிமிடம் சொல்வார். நான் ஒரு வரியில் சொல்வேன். நீளமாகச் சொன்னால் அதிகாரி இன்னும் கேட்பார், அம்மா இன்னும் அழுவார். சுருக்கினால் முத்திரை குத்தி அனுப்புவார்கள். பொறியியல் படித்ததும் இயந்திர வரைபடம் கீறும் வேலைக்கு வந்ததும் பிறகு. சுருக்கத்தான் முதலில் படித்தேன்.

மைதிலிக்கு அது பகிடி.

"இஞ்சருங்கோ, நான் கடிதம் எழுதிறன், நீங்கள் தந்தி அடிக்கிறியள். ஒரு சொல்லுக்கு எவ்வளவு அறவிடுறாங்கள்?"

2007 டிசம்பரில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு கிழமையில் விட்டது. சோர்வு விடவில்லை. நாலு மணிக்கே இருட்டுகிற மாதம் அது. கீழ்வீட்டு ஞானமலர் அக்கா சிரித்தார்.

"இது விண்டர், பிள்ளை. இஞ்சை வந்த எல்லாருக்கும் உதுதான். என்ரை மனுசன் பழசு, அவருக்கே நவம்பர் பிறந்தால் மார்ச் மட்டும் சோபாவிலைதான் சீவியம்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். வெளிச்ச விளக்கை வாங்கினேன். அவள் அதன் முன் கம்பளியைச் சுற்றிக்கொண்டு இருந்தாள். ஜனவரி நடுவில் டொக்டரிடம் கூட்டிப்போனேன். காத்திருக்கும் அறை நிறைய ஆட்கள், இருமல். எங்கள் முறை வந்தபோது டொக்டர் கடிகாரத்தைப் பார்த்தபடி கேட்டார், என்ன செய்கிறது என்று. மைதிலி என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"படி ஏறேக்கை மூச்சு வாங்குது. ரெண்டு தலையணை வைச்சால்தான் படுக்க ஏலும். தலைமயிரைப் பின்னுறதுக்குக் கை தூக்கப் பஞ்சியாக் கிடக்கு. அந்த வெளிச்சம் எனக்குச் சரிவராது எண்டும் சொல்லுங்கோ."

நான் டொச்சில் சொன்னேன்: களைப்பாக இருக்கிறாள், நித்திரை சரியில்லை, எதற்கும் மனமில்லை.

'கைனே லுஸ்ட்' என்றேன். மனமில்லை என்பதற்கு டொச்சில் அதுதான். பஞ்சிக்கு எனக்குச் சட்டென்று வந்த சொல் அது. நான் கொடுத்ததை வைத்து டொக்டர் குளிர்காலச் சோர்வு என்றார். பகலில் நடக்கச் சொன்னார். இரண்டு கிழமை கழித்து ஒரு வியாழக்கிழமைக்கு மறுபடி ரெர்மின், வந்து பார்ப்பதற்கான நேரம், தந்தார்.

வெளியே வந்ததும் மைதிலி கேட்டாள்: "நான் அவ்வளவு சொன்னன், உங்கடை வாயிலை மூண்டு சொல்தானே வந்தது?"

"எல்லாம் அதுக்கை இருக்கு" என்றேன்.

அந்த வியாழனுக்கு முன் வந்த செவ்வாய்க்கிழமை பின்னேரம் குளியலறையில் விழுந்தாள். இதயத்தின் தசையில் அழற்சி என்று பிறகு சொன்னார்கள். காய்ச்சலோடு வந்தது. முப்பது வயது.

இப்போது ஆதிரையின் பாதம் என் கையில் குளிர்ந்திருந்தது. அவளைத் தூக்கிக் கம்பளியில் சுற்றினேன். நெஞ்சில் காதை வைத்தேன். அடித்தது. வேகமாக அடித்ததா, சாதாரணமாக அடித்ததா என்று தெரியவில்லை. என்னுடையதும் சேர்ந்து அடித்தது. நகங்களைப் பார்த்தேன். விளக்கின் வெள்ளையில் எல்லாம் நீலமாகத் தெரிந்தது.

படியில் ஞானமலர் அக்கா பனி அள்ளும் சவளோடு நின்றார்.

"எங்கை தம்பி, பிள்ளையைப் பொட்டலம் மாதிரிச் சுத்திக்கொண்டு?"

"பஞ்சியாக் கிடக்காம், அக்கா."

அவர் சவளைச் சுவரில் சாத்தினார். "நில்லும், கோட்டை எடுத்துக்கொண்டு வாறன்."

குழந்தை வைத்தியரின் அறைக்கு ரெர்மின் இல்லாமல் போனோம். வரவேற்பில் இருந்தவள் நாளை வரச் சொன்னாள். முடியாது என்றேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா என் கோட்டைப் பிடித்து இழுத்தார். பத்து நிமிடத்தில் கூப்பிட்டார்கள்.

வைத்தியர் வயதான பெண். ஆதிரையிடம் என்ன செய்கிறது என்று கேட்டார். ஆதிரை என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"உங்களிடம் என்ன சொன்னாள்?" என்று என்னைக் கேட்டார்.

சுருக்கமான சொல் வாயில் தயாராக நின்றது. அதை விழுங்கினேன்.

அவள் ஒரு சொல் சொன்னாள் என்றேன். அதற்கு டொச்சில் ஒரே சொல் இல்லை என்றேன். சோம்பலாக இருக்கலாம், விருப்பமின்மையாக இருக்கலாம், கையைத் தூக்க முடியாத பலவீனமாக இருக்கலாம் என்றேன். காலையில் பாதம் குளிர்ந்திருந்தது, நேற்றுச் சோறு பாதி மிச்சம், நத்தாருக்கு மூன்று நாள் மூக்கு ஒழுகித் தடிமன், படியில் மூச்சு வாங்கியதா என்று நான் கவனிக்கவில்லை என்றேன். இதே சொல்லை இவளுடைய தாய் சொன்னாள், நான் ஒரு சொல்லில் மொழிபெயர்த்தேன், அவள் இறந்துவிட்டாள் என்றேன். நான் இவ்வளவு நீளமாக டொச் பேசியது அதுவரை இல்லை.

வைத்தியர் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். இதயத் துடிப்பை எழுதும் கருவியைக் கொண்டுவரச் சொன்னார். இரத்தம் எடுத்தார்கள். வயர்களோடு ஆதிரை படுத்திருந்தாள். கருவி தாளைத் துப்பியது. எனக்கு வரைபடம் படிக்கத் தெரியும். அந்தக் கோடுகளைப் படிக்கத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

"நன்றாக இருக்கிறது. இந்தத் தாளில் பயப்பட எதுவும் இல்லை. இரத்தத்தின் முடிவு நாளை வரும். ஏதாவது மாறினால் ரெர்மின் வேண்டாம், உடனே வாருங்கள்" என்றார் வைத்தியர்.

ஆதிரை எழுந்து உட்கார்ந்து, நெஞ்சில் ஒட்டியிருந்த வட்டத்தை உரித்துப் பார்த்தாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்:

"அப்பா, எனக்குக் கிண்டர்கார்டன் போகத்தான் பஞ்சி."

ஞானமலர் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "சரியான ஆள்தான் நீ. போர்வையையும் உதறிப்போட்டுத்தானே படுக்கிறனி? கால் குளிராமல் என்ன செய்யும்?" நானும் சிரிக்கப் பார்த்தேன். முகம் அசையவில்லை. அதே சொல், அதே காலை, அதே குளிர். இந்த முறை அது சோம்பல். அடுத்த முறை?

வீட்டுக்கு வந்ததும் அக்கா ஆதிரைக்குப் பால் காய்ச்சினார்.

"பயப்பிடாதையும் தம்பி. மைதிலி கடைசியா உம்மட்டை என்ன சொல்லிப்போட்டுப் போனவள்? பிள்ளையைப் பாத்துக்கொள்ளுங்கோ எண்டுதானே? நீர் பாக்கிறீர்தானே."

செத்தவீட்டில் எல்லோரும் கேட்டார்கள், கடைசியாக என்ன சொன்னாள் என்று. பிள்ளையைப் பார்க்கச் சொன்னாள் என்றேன். கேட்டவர்கள் அழுதார்கள், மேலே கேட்கவில்லை.

"இல்லை அக்கா. அவ அப்பிடிச் சொல்லேல்லை."

அக்கா அடுப்பை அணைத்தார். "பின்னை?"

அவள் விழுந்த அந்தச் செவ்வாய்க்கிழமை காலை. நான் வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றேன். மைதிலி ஹீட்டரில் முதுகை வைத்து நிலத்தில் இருந்தாள். பின்னாத தலை. வியாழக்கிழமை ரெர்மினை மறக்க வேண்டாம் என்று சொன்னேன். அவள் கொஞ்சம் சிரித்தாள். இடையில் இரண்டு தரம் மூச்சு எடுத்தாள். நான் கதவைத் திறந்துவிட்டேன். குளிர் உள்ளே வந்தது.

"இஞ்சருங்கோ, தந்தி மாஸ்டர், இந்தமுறை நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லுங்கோ, இது வெளிக்குளிரில்லை, உள்ளுக்கை குளிருது எண்டு சொல்லுங்கோ, அந்தாள் கடிகாரத்தைப் பாத்தாலும் பரவாயில்லை, சுருக்காதேங்கோ... கதவைச் சாத்திப்போட்டுப் போங்கோ."