முதல் இலைக்கு ஓடிய கார்

கருங்குழியில் எங்கள் மாமனார் கோதண்டராமன் வீட்டுப் பந்தியில் முதல் இலை மூத்த மாப்பிள்ளையான எனக்குத்தான் விழுந்துகொண்டிருந்தது. இளையவளைக் கட்டிய என் சகலை தாமோதரனுக்கு நாவலூரில் கண்ணாடிக் கட்டடத்தில் வேலை கிடைத்ததும் அது மெல்ல அவர் பக்கம் நகர்ந்துவிட்டது. நானோ செங்கல்பட்டில் பம்பு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். மாமனாரைக் குறை சொல்வதற்கில்லை. ஏசியில் உட்காருகிறவரைக் கண்டால் எனக்கே எழுந்து நிற்கத் தோன்றும்.

2007 பொங்கலுக்குத் தாமோதரன் சிங்கப்பூர் ரிமோட் பொம்மைக் கார் ஒன்றோடு வந்தார். பொத்தேரி கல்லூரிப் பிள்ளைகளிடம் வாங்கிய பழைய ரிமோட் கார் என்னிடமும் இருந்தது. காணும் பொங்கலன்று மாமல்லபுரத்துக்கு வடக்கே தேவனேரி கடற்கரையில் பந்தயம் என்று முடிவாயிற்று. ஜெயித்தவருக்கு ஆயுசுக்கும் முதல் இலை.

என் காரிலிருந்தது பிரஷ் இல்லாத மோட்டார், கட்டைவிரல் பருமன். பழைய கம்பியை உருவிவிட்டு, தடித்த கம்பியில் சுற்றைக் குறைத்துக் கட்டினேன். சுற்று குறைந்தால் வேகம் கூடும், சூடும் கூடும். பட்டறையில் சோதித்தபோது அதன் காற்றில் எதிர்க்கடைக் காலண்டர் மார்ச் மாதத்துக்குப் போய்விட்டது.

ஈர மணலில் வண்டியை விட்டேன். அது பின்பக்கமாக ஓடியது.

முப்பது வருஷப் பழக்கம்! பம்பு எந்தப் பக்கம் சுற்றினால் தண்ணீர் ஏறுமோ அந்தப் பக்கம் பார்த்து மூன்று ஒயரையும் பற்றவைத்து வார்னிஷும் பூசியிருந்தேன். இரண்டு ஒயரை மாற்றினால் போதும். கடற்கரையில் பற்றவைக்கக் கரண்டுக்கு எங்கே போவது? ரிமோட்டில் ரிவர்ஸ் போட்டால் முன்னால் போகும், ஆனால் பாதி வேகம்தான்.

தாமோதரன் சிரிக்கவில்லை. "இன்னா சகல, என் வண்டியப் பாத்து பயந்து பின்வாங்குது?" என்றார்.

"பெரியவங்களுக்கு முதுகு காட்டாது. வளர்ப்பு அப்படி" என்றேன்.

மேல்மூடியைக் கழற்றித் திருப்பி மாட்டினேன். பார்வைக்கு முன்னால் போவதுபோல் இருந்தது. கொடி அசைந்தது. எல்லையாக வைத்திருந்த கரையேற்றிய படகை என் கார்தான் முதலில் தாண்டியது. அதன் சத்தம் கொஞ்சம் பொறுத்து வந்து சேர்ந்தது. வழியிலிருந்த நண்டு ஒன்று கல்பாக்கத்தில் போய் விழுந்ததாகக் கேள்வி. கார் நிற்காமல் கடலுக்குள் போய்விட்டது. புதுச்சேரிப் பக்கம் பார்த்ததாக மீன்காரர்கள் சொன்னார்கள். அவர்கள் கொஞ்சம் மிகைப்படுத்துவார்கள்.

சவுக்குத் தோப்பில் இலை போட்டார்கள். மாமனார் தீர்ப்புச் சொன்னார்.

"மொத எல உங்களுக்குத்தான் மாப்ள. ஆனா பின்பக்கமா ஓடி ஜெயிச்சீங்க. பரிமாறறதும் பின்னால இருந்துதான் வரும்."

கடைசி இலையிலிருந்து புறப்பட்ட வடை, இரண்டாவது இலையில் தாமோதரனோடு தீர்ந்துபோயிற்று. அவர் தன் வடையைப் பிட்டு என் இலையில் பாதியை வைத்தார்.

"என் மோட்டாரையும் அவுத்துக் கட்டிக் குடு, சகல. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

நானும் இன்னொரு பழைய கார் வாங்கினேன்; அடுத்த வருஷமும் அதற்கடுத்தும் பார்த்துக்கொண்டோம். பந்தி மட்டும் கடைசி இலையிலிருந்தே தொடங்கியது.

இப்போது தாமோதரன் இல்லை. போட்டியில்லாமல் முதல் இலையில் உட்கார்கிறேன். முதலில் எனக்கே பரிமாற வருகிறார்கள்; நான் விடுவதில்லை, கடைசி இலைக்கு அனுப்பிவிடுகிறேன். வடை எனக்கு முந்தின இலையோடு தீர்ந்துவிடுகிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர் யாரானாலும் என்னைப் பார்க்காமல் முழுசாகத் தின்றுவிடுகிறார்.