பி வகுப்பு டொச்

பள்ளிக்கூடக் கதவில் ஒட்டியிருந்த முதலாம் வகுப்புப் பெயர்களை வாசித்த அன்றே தர்மிகாவுக்கு முகம் மாறிவிட்டது. ஏ வகுப்பு முழுக்கச் சுவிஸ் பெயர்கள். பி வகுப்பில் அல்பேனியப் பெயர்கள், எரித்திரியப் பெயர்கள், நடுவில் அவளுடைய மகள் அக்‌ஷயா பாலேந்திரன். ஏ வகுப்புக்குப் பெரிய கட்டடம். பி வகுப்புக்கு விளையாட்டுத் திடலுக்குப் பின்னால் பலகையால் அடித்த தற்காலிகக் கட்டடம். இடைவேளைகூட வேறு வேறு நேரம்.

"டொச் மொழியில கூடுதல் உதவி தேவைப்படுற பிள்ளைகள்" என்று அதிபர் விளக்கம் சொன்னார்.

அக்‌ஷயா டொச் என்கிற ஜேர்மன் பேசும் பேர்ண் நகரிலேயே பிறந்தவள். அந்த ஊர்க் கிண்டர்கார்ட்டனில் இரண்டு வருஷம் லேனா என்ற சுவிஸ் பிள்ளையோடு ஒட்டிக்கொண்டு திரிந்தவள். கண்ணை மூடிக்கொண்டு அவள் பேச்சைக் கேட்டால் ஆரோ பேர்ண்காரப் பிள்ளை என்றுதான் நினைப்பார்கள். பள்ளிக்கூடத்தில் ஒருவரும் அவளைக் கதைக்கவிட்டுப் பார்க்கவில்லை. பெயரைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

"மற்றத் தாய்மார் லோயரிட்டப் போகினம். நாங்களும் சேருவம்" என்றாள் தர்மிகா.

அவள் கணவன் பாலேந்திரன் பின்வாங்கினான். ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை செய்பவன். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராமல், கதவு மணி அடித்தாலே பயந்து பல வருஷம் இருந்தவன். "பிரஜாவுரிமைக்குப் போட்டிருக்கிறம். இப்ப போய் பள்ளிக்கூடத்தோட கொழுவினால் அதையும் மறிச்சுப்போடுவாங்கள். ஒரு வருஷம்தானே, பொறுப்பம்."

தர்மிகா அவனைப் பார்த்தாள். திட்டவில்லை. "நீங்கள் பயப்பிடுறது எனக்கு விளங்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பிப் போனாள். அவனுக்கு அதுதான் கூடச் சுட்டது.

குளிர் தொடங்கிய ஒரு சனிக்கிழமை அவனும் அக்‌ஷயாவும் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனார்கள். கடைக்காரப் பெண் குனிந்து, எந்தப் பாண் வேணும் என்று பிள்ளையிடம் கேட்டாள். அக்‌ஷயா தலையைக் குனிந்துகொண்டு, "இஷ் நிக்ஸ் ஃபெர்ஷ்டேன்" என்றாள். எனக்கு விளங்கேல்லை என்பதை, இலக்கணமில்லாமல், நாக்கு உடைய, வந்த புதிதில் அவன் எப்படிச் சொன்னானோ அப்படியே சொன்னாள்.

வெளியே வந்ததும் அவன் றோட்டோரத்தில் குந்தி, மகளின் கையைப் பிடித்தான்.

"ஏன் குஞ்சு அப்பிடிச் சொன்னனீ? உனக்கு விளங்கினதுதானே?"

"ஓம் அப்பா. ஆனா நான் பி வகுப்பெல்லோ? டொச் தெரியாத ஆக்கள்தான் பி வகுப்பாம். ஏ வகுப்புப் பெடியன் சொன்னவன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "லேனாவோடயும் நான் இப்ப கதைக்கிறேல்லை. எனக்குப் பிழையா வரும்" என்றாள்.

அவன் ஜாக்கெட்டின் சிப்பை இழுத்து அவள் கழுத்துவரை பூட்டினான். ஏற்கெனவே பூட்டித்தான் இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் சப்பாத்தைக்கூடக் கழட்டாமல் தர்மிகாவிடம் போனான். "எங்க கையெழுத்து வைக்கோணும், சொல்லும்."

கல்வி அலுவலகம் அவர்களுடைய முறைப்பாட்டைத் தள்ளிவிட்டது. லோயர் நீதிமன்றத்துக்குப் போனார். கோடை விடுமுறை கிட்ட வந்தபோது, பாலேந்திரன் குசினியில் நோயாளரின் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருக்கையில் தர்மிகா ஃபோனில் அழைத்தாள்.

"வென்றிட்டமப்பா! பேரையும் தாய் தகப்பன்ர பாசையையும் வைச்சுப் பிள்ளையளைப் பிரிக்கேலாதாம். ஒவ்வொரு பிள்ளையின்ர டொச்சையும் பாக்கோணுமாம். உதவி தேவையெண்டால் எல்லாரோடயும் ஒண்டா இருத்திக் குடுக்கோணுமாம். இரண்டாம் வகுப்பில எல்லாரையும் கலக்கினம்."

அவன் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தான்.

விடுமுறைக்குள் பிரஜாவுரிமை நேர்முகமும் வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரியவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "பள்ளிக்கூடத்துக்கு எதிராக வழக்குப் போட்டது நீங்கள்தானோ?" என்று கேட்டார். தர்மிகா வாய் திறக்கமுதல் பாலேந்திரன் முந்திக்கொண்டான். உடைந்த டொச்சில்தான் சொன்னான். "ஓம். நாங்கள் இங்க இருக்கப்போற ஆக்கள். அதாலதான்." பெரியவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். பிரஜாவுரிமை கிடைக்குமோ இல்லையோ, அன்றிரவு அவன் நன்றாக நித்திரை கொண்டான்.

ஓகஸ்டில் பள்ளிக்கூடம் தொடங்கியது. அவர்கள் எதிர்பாராத ஒன்று நடந்தது. பெரிய கட்டடத்து வாசலில் அக்‌ஷயா கால் ஊன்றி நின்றுகொண்டாள். பலகைக் கட்டடத்தில் படிப்பித்த ஸ்பிண்டன் டீச்சர் வேணுமாம். அங்கே கூடப் படித்த சிநேகிதி ஆர்த்தா மற்ற வகுப்புக்குப் போய்விட்டாளாம். "எங்கட வகுப்பை ஏன் உடைச்சனீங்கள்?" என்று தேம்பினாள்.

"உன்ர கோவம் சரிதான் குஞ்சு" என்றான் பாலேந்திரன். மூக்கைத் துடைத்துவிட்டான். அவள் அழுது முடியும்வரை படியில் அவளோடு இருந்தான். மணி அடித்தது. அக்‌ஷயா எழும்பி, பையைத் தானே தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

வேலையிலிருந்து தர்மிகா அழைத்தாள். "போயிட்டாளோ?"

"போயிட்டாள்."

"நீங்கள் அழுறியளோ?"

"ஓம்" என்றான் பாலேந்திரன்.

"நானும்தான்" என்றாள் தர்மிகா. இருவரும் ஃபோனை வைக்காமல் நின்றார்கள்.