துப்பாக்கிக்குச் செய்த அலங்காரம்

அடுப்பிலிருந்து சுடச்சுட பிஸ்கட் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பிய டார்லீனுக்கு அதை வைக்க இடம் கிடைக்கவில்லை. சாப்பாட்டு மேசை முழுவதும் பழைய குளியல் துண்டு ஒன்று விரிந்திருந்தது. அதன் நடுவே, அவள் கணவன் ராய்ஸ் போன வாரம் வாங்கிய துப்பாக்கி படுத்திருந்தது. சுற்றிலும் திருகாணிகள், எண்ணெய்க் குப்பி, பிரித்துப் போட்ட அட்டைப் பெட்டிகள்.

"இதை எங்க வைக்க? உன் தலை மேலயா?"

"அஞ்சு நிமிஷம் கண்ணு. இந்தக் குறிக்கண்ணாடியை மட்டும் மாட்டிட்டா முடிஞ்சுது."

எதிரே காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தவன் டார்லீனின் அண்ணன் கிளைட். அவன் வீட்டில் இதுபோல் ஆறேழு துப்பாக்கிகள் உண்டு. புதிதாக யார் வாங்கினாலும் கூப்பிடாமலே ஆலோசனை சொல்லப் போய்விடுவான்.

"கடையில குடுத்தபடியே வச்சிருந்தா அது வெறும் இரும்புக் குழா, டார்லீன். முதல்ல தோள்ல மாட்ட வார். அப்புறம் முன்னாடி டார்ச். அப்புறம் இந்தக் கண்ணாடி. உள்ள சிவப்பா ஒரு புள்ளி தெரியும். ஆள் மேல புள்ளியை வை, விசையை அழுத்து. அவ்வளவுதான். குருடன்கூடச் சுடலாம்."

"பெருமையைப் பாரு" என்றாள் டார்லீன். "இவ்வளவு வாங்கினீங்களே, வச்சுப் பூட்ட ஒரு பெட்டி வாங்கினீங்களா?"

கிளைட் சிரித்தான். "திருடன் உள்ள வந்து நிக்கும்போது, 'கொஞ்சம் இருங்க சார், சாவி தேடிட்டு வரேன்'னு சொல்லச் சொல்றியா?"

ராய்ஸும் சேர்ந்து சிரித்தான். "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றான்.

ராய்ஸ் கெட்டவன் அல்ல. அமெரிக்காவின் ஓசார்க் மலையடிவாரத்தில் வீடு வீடாகச் சமையல் வாயு கொண்டுபோகும் லாரி ஓட்டுபவன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவன். இரண்டு வீடு தள்ளி ஒரு கொட்டகையில் மரம் அறுக்கும் இயந்திரம் திருடுபோனதிலிருந்துதான் அவனுக்குத் தூக்கம் கெட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் சாப்பாட்டு நேரப் பேச்செல்லாம் திருடனைப் பற்றித்தான். எந்த வழியாக வருவான், எத்தனை பேர் வருவார்கள், வந்தால் என்ன செய்வது.

அந்தப் பேச்சையெல்லாம் ஜன்னலோர நாற்காலியில் இருந்து ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ராய்ஸின் அப்பா ஆர்வில். ஈயச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு மகனோடு வந்து இருந்தவருக்கு நினைவு தப்பத் தொடங்கியிருந்தது. சில நாள் ராய்ஸைத் தன் தம்பி என்று நினைத்துக்கொள்வார். காலையில் சாப்பிட்டது மத்தியானம் மறந்துவிடும். ஆனால் பயம் மட்டும் மறக்கவில்லை. அது யார் சொல்லி வந்தது என்று தெரியாமலே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. கைக்கடிகாரத்தைச் சர்க்கரை ஜாடிக்குள் ஒளித்து வைத்தார். "அவங்க வந்துட்டாங்களா?" என்று டார்லீனிடம் அடிக்கடி கேட்டார்.

"இவர் முன்னாடி அதையெல்லாம் பேசாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று அவள் கணவனைக் கடிந்துகொண்டாள்.

"அவருக்கு என்ன புரியப்போகுது?"

கிளைட் வந்திருந்த அன்று காலை குறிக்கண்ணாடியை மாட்டி முடித்ததும், குண்டு இல்லாத துப்பாக்கியை ராய்ஸ் அப்பாவின் மடியில் வைத்தான். காலமெல்லாம் மான் வேட்டைக்குப் போனவர் அவர். நடுங்கும் கைகள் அதைத் தொட்டதும் நின்றுவிட்டன. அதன் பின்கட்டையைத் தோளில் சரியாக அணைத்தார். கண்ணாடி வழியே பார்த்தார். கண்புரை விழுந்து, மகனின் முகமே மங்கலாகத் தெரியும் அந்தக் கண்ணுக்கு, சிவப்புப் புள்ளி பளிச்சென்று தெரிந்தது.

"நல்லாருக்கு, ராய்ஸ்" என்றார்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பல நாளாகியிருந்தது. ராய்ஸ் கிளைட் பக்கம் திரும்பினான். "பாத்தியா மச்சான்? என் பேர் வருது!" என்றான். அதன் பிறகு தினமும் வேலையிலிருந்து வந்ததும் துப்பாக்கியை எடுத்து அப்பாவோடு உட்கார்ந்தான். துடைப்பதும் மாட்டுவதும் கழற்றுவதுமாக இருவருக்கும் ஒரு விளையாட்டு கிடைத்தது. முடிந்ததும் அதில் மறுபடி குண்டு போட்டு, படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைப்பான். ஆபத்துக்குக் கைக்கு எட்டவேண்டும் அல்லவா?

ராய்ஸ் லாரிக்கும் டார்லீன் பள்ளிச் சமையலறைக்கும் போன பிறகு ஆர்வில் தனியாக இருப்பார். தேவாலயத்திலிருந்து முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவருபவள் நடீன். கணவனை இழந்தவள், ஊரே அறிந்த வாயாடி. வாசலில் காரின் ஹாரனை அடித்து, "ஆர்வில், உன் காதலி வந்திருக்கேன், தலையைச் சீவிக்கோ!" என்று கத்திக்கொண்டேதான் படியேறுவாள். பெயர்களெல்லாம் தப்பத் தொடங்கிய கிழவருக்கு அந்தக் குரல் மட்டும் மறக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை கொட்டும் மழை. முன்வாசல் மரப்படியில் ஈர இலைகள் வழுக்கின. நடீன் காரைப் பின்பக்கம் ஓட்டிப்போய் நிறுத்தினாள். இறந்துபோன கணவனின் கறுப்பு மழைக்கோட்டைத் தலை வரை இழுத்து மூடியிருந்தாள். கையில் சூடான சாப்பாட்டுத் தட்டு. மழை இரைச்சலில் ஹாரன் அடித்துப் பயனில்லை என்று விட்டுவிட்டாள். சமையலறைக் கதவைத் தட்டக் கை இல்லாமல், கைப்பிடியை முழங்கையால் அழுத்தித் தள்ளினாள்.

பின்வாசலில் முகமில்லாத கறுப்பு உருவம். அவர் தினமும் கேட்ட திருடன் கடைசியில் வந்தேவிட்டான்.

ஆர்விலின் கைகள் தவறு செய்யவில்லை. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் எதை எடுக்க வேண்டும், அதை எங்கே அணைக்க வேண்டும், எல்லாம் அவற்றுக்கு நினைவிருந்தது. சிவப்புப் புள்ளியும் தன் வேலையைச் செய்தது. ஒரு முறை விசையை அழுத்தினால் அடுத்த குண்டு தானே ஏறி நிற்கும் துப்பாக்கி அது. அவர் இரண்டு முறை அழுத்தினார்.

நடீன் விழுந்தபோது தலையை மூடியிருந்த கோட்டு நழுவியது. முகம் தெரிந்ததும் ஆர்வில் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். தரையில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"நடீன்! ஐயோ, நடீன்! யாரு உன்னை இப்படிப் பண்ணினது? ராய்ஸ் வரட்டும். உன்னைச் சுட்டவனைச் சும்மா விடமாட்டான்."

நடீன்தான் பையிலிருந்து தன் கைப்பேசியை எடுத்து உதவிக்கு அழைத்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தக் கிழவர் அவள் கையை விடவில்லை. அவள் உயிர் பிழைத்தாள். குண்டுகள் பாய்ந்த வலது காலை முழங்காலுக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டார்கள்.

விசாரணைக்கு வந்த காவல் அதிகாரி ராய்ஸோடு பள்ளியில் படித்தவன். துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் மாட்டியிருக்கே" என்றான். ராய்ஸ் இரண்டு கைகளையும் அவன் முன்னால் நீட்டினான்.

"என்மேல கேஸ் போடு" என்றான்.

"பூட்டாம வச்சதுக்குப் போட இங்க சட்டம் இல்ல. உங்கப்பாவை என்ன பண்றதுன்னு ஜட்ஜ் சொல்வார். நீ போய்த் தூங்கு, தூக்கம் வந்தா."

தூக்கம் வரவில்லை. டார்லீன் சமையலறைத் தரையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, மறுநாளும் அதே இடத்தைக் கழுவினாள். கிளைட் மட்டும் ஆறுதல் சொல்ல வந்தான்.

"உங்கப்பாவைத் தனியா விட்டதுதான் தப்பு, மச்சான். துப்பாக்கி என்ன பண்ணும், அது வெறும் இரும்பு." கொஞ்ச நேரம் காப்பியை உறிஞ்சிவிட்டுக் கேட்டான்: "போலீஸ் திருப்பிக் குடுத்தா அந்தக் கண்ணாடியை வித்துடுவியா? விக்கறதா இருந்தா எனக்குச் சொல்லு."

ராய்ஸ் எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். "வெளிய போ. இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராதே."

அவனை அனுப்பிவிட்டால் மட்டும் தன் பங்கு குறையாது என்பது ராய்ஸுக்குத் தெரிந்திருந்தது. கிளைட் பேசினான், சிரித்தது இவன்தானே.

நீதிமன்றம் ஆர்விலை நினைவு தப்பியவர்களுக்கான காப்பகத்துக்கு அனுப்பியது. எண்களை அழுத்தினால்தான் திறக்கும் இரும்புக் கதவு. ஜன்னல் பாதிக்கு மேல் திறக்காது. ராய்ஸ் போகும்போதெல்லாம் கிழவர் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"நடீன் ஏன் வரல? நீங்க ஏதாவது சண்டை போட்டீங்களா?"

"மழைப்பா. நின்னதும் வருவாங்க."

வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். கிழவர் ஜன்னலைப் பார்ப்பார், மகனைப் பார்ப்பார்.

நடீனைப் பார்க்கப் போக ராய்ஸுக்குப் பல வாரம் தைரியம் வரவில்லை. போனபோது அவள் சக்கர நாற்காலியில், வெட்டப்பட்ட கால் மேல் போர்வையோடு, ஜன்னலோரம் இருந்தாள். அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"உள்ள வாடா. உன் கையில இப்போ ஒண்ணும் இல்லையே" என்றாள்.

அவன் அவள் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து அழுதான். "மன்னிச்சிடுங்க நடீன் அம்மா. குடும்பத்தைக் காப்பாத்தணும்னுதான் வாங்கினேன். சத்தியமா அதுக்குத்தான்."

"தெரியும். எல்லாரும் அதுக்குத்தான் வாங்கறாங்க." அவள் குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "திருடன் வந்தானா, ராய்ஸ்?"

"இல்ல."

"உங்கப்பா என்னைக் கேக்கறாரா?"

"தினமும் கேக்கறார். நீங்க ஏன் வரலைன்னு."

நடீன் சக்கர நாற்காலியை ஜன்னலிலிருந்து அவன் பக்கம் திருப்பினாள்.

"துப்பாக்கி வாங்கறவன் முதல்ல வாங்க வேண்டியது பூட்டுடா. மத்ததெல்லாம் அப்புறம். வீட்டுல குழந்தை இருக்கலாம், மனசு உடைஞ்சவங்க இருக்கலாம், நினைவு தப்பினவர் இருக்கலாம். அது யார் கைக்குப் போச்சுன்னு துப்பாக்கிக்குத் தெரியாது. நீதான் தெரிஞ்சு வச்சிருக்கணும்." அவள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "இப்போ ஒரு பாவமும் அறியாத அந்த மனுஷனை உள்ள வச்சுப் பூட்டியிருக்கீங்க. அந்த இரும்பைப் பூட்டியிருந்தா போதுமே, ராய்ஸ்."