ஒரே ஜக்கில் பூர்கோஞ்

சனிக்கிழமை மத்தியானம் லா சப்பல் வீட்டில் இருந்தவர்கள்: திங்கட்கிழமை ஒரு பிரெஞ்சு உணவகத்தில் வைன் பரிமாறும் வேலைக்குச் சோதனை எடுக்கவிருந்த யசோதினி, அவள் கணவன் சேந்தன், ஆட்டுக்கறி சாப்பிட எபினேயிலிருந்து வந்த அவன் தமையன் வாமதேவன்.

யசோதினி குளித்துவிட்டு வந்தபோது, அவள் மணந்து பழகுவதற்காக வைத்திருந்த மூன்று சிறு வைன் போத்தல்களும் மேசையில் வெறுமையாக நின்றன. பக்கத்தில் தண்ணீர் ஜக்கு, கழுத்துவரை சிவப்பு.

“ஆளுக்கொரு ருசி வரக்கூடாதெண்டு ஒண்டாய் ஊத்தினனான்,” என்றார் வாமதேவன். “எல்லாம் பூர்கோஞ் பக்கத்துச் சாமான்தானே.”

“அத்தான், அது ஒரே மலைச்சரிவிலை மூண்டு இடத்துத் திராட்சை. உச்சியிலை கல்லு, நடுவிலை சுண்ணாம்பு, அடியிலை களிமண். துறவிமார் நூற்றுக்கணக்கான வருசம் பயிரிட்டு, ருசி பாத்து, மதில் கட்டிப் பிரிச்சு வைச்சவை. எது எந்த இடமெண்டு நான் மணந்து சொல்லவேணும்.”

“அவையள் அவ்வளவு காலமாய்ப் பிரிச்சதை அண்ணை அரை நிமிசத்திலை சேர்த்துப்போட்டார்,” என்றான் சேந்தன்.

அவள் சிரிக்கவில்லை. திரான்சியில் இருக்கும் வைன் வகுப்புத் தோழி அஜந்தாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். அஜந்தாவின் மூன்று போத்தல்களும் இன்னும் திறக்கப்படவில்லை. உடனே வந்தால் சேர்ந்து பழகலாம் என்றாள்.

யசோதினி கொப்பியை எடுக்க, வாமதேவனும் ஜாக்கெட்டை மாட்டினார்.

“நானும் வாறன் பிள்ளை. அங்கை ஊத்தித் தர ஒரு ஆள் வேணுமே.”

அவள் வெளியே போய்க் கதவைச் சாத்தி, வெளிப்பக்கமாகப் பூட்டினாள்.