பதினொரு மணிக்குள் ஒரு பெயர்

சாலையை அகலப்படுத்தப் பதினொரு மணிக்குப் புல்டோசர் இறங்கும் என்றார்கள். தாவர ஆய்வாளர் மெரின் டோல்ஹர்ஸ்ட் பத்தேகாலுக்கு வந்து சேர்ந்தாள்.

சாலையோரம் இருபது புதர்கள், வெள்ளையாகப் பூத்திருந்தன. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு குளிர்காலத்தில் பூவில்லாத கிளையைப் பார்த்து, 'பனி டெய்சி, எங்கும் உள்ளது' என்று அறிக்கையில் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் இயந்திரம் வந்திருக்கிறது.

இலையைத் திருப்பி லென்ஸை வைத்தாள். பனி டெய்சி இலையின் அடியில் நுண்முடிகள் நட்சத்திரமாக விரியும். இவை சுத்தியல் போலக் குறுக்கே படுத்திருந்தன. இன்னொரு இலை. இன்னொரு புதர். எல்லாம் சுத்தியல்.

"என்ன டாக்டரம்மா, பேன் பாக்கறீங்களா?" மேஸ்திரி க்ளெம் டேசி தேநீர்க் குவளையோடு வந்தான். "எங்க வீட்டுக்குப் பின்னாடி நூறு டெய்சி நிக்குது. வேணும்னா அள்ளிட்டுப் போங்க."

"இது அது இல்ல க்ளெம். நான் தப்பா எழுதிட்டேன்."

"அப்ப இது என்ன?"

"இன்னும் பேர் கிடையாது."

"பேரே இல்லாததுக்கு வண்டிய நிறுத்தச் சொன்னா, ஆபீஸ்ல என்னைக் கிழிச்சுடுவாங்க."

செடிகளை உலர்த்திப் பதிவு செய்யும் உலர்செடிக் காப்பகத்துக்கு அவள் போன் செய்தாள். அங்கே பதிவேட்டைப் பார்க்கும் ஐவோ எடுத்தான். லத்தீன் பெயர் வைக்க வருடங்கள் ஆகும். அதுவரை இடத்தின் பெயர், பறித்தவர் பெயர், பறித்த எண் மூன்றும் சேர்ந்தால் செடி அரிய செடிகளின் பட்டியலில் ஏறும். ஏறினால் வேலை நிற்கும்.

"பறிச்சது நீ, அன்னிக்கு அனுப்பின கிளை இங்க இருக்கு. எண் 4117. இடம்?"

"கூரா கணவாய்."

"அந்தப் பேர் வேற டெய்சிக்குப் போயிடுச்சு. வேற சொல்லு. வரைபடத்துல இருக்கணும்."

அவள் வரைபடத்தில் இங்கே வெறும் கோடு. பத்து ஐம்பது. புல்டோசர் உறுமத் தொடங்கியது.

"க்ளெம், இந்த வளைவுக்குப் பேர் உண்டா?"

"உண்டே. ஹேன்லன் கவுந்த வளைவு." சிரித்தான். "சத்தியமா. எங்க ரோடு வரைபடத்துலயே அச்சடிச்சிருக்கு, பாருங்க."

அவள் எழுத்துக் கூட்டி ஐவோவுக்கு வாசித்தாள். க்ளெமின் சிரிப்பு பாதியில் நின்றது.

"இருங்க, இருங்க. இப்ப நான் என்ன பண்ணிட்டேன்?"

"பேர் வெச்சீங்க."

க்ளெம் தேநீரைத் தரையில் வீசிவிட்டு ஓட்டுநரைப் பார்த்துக் கத்தினான்: "அணைடா!"

"ஏத்திட்டேன்" என்றான் ஐவோ. "மெரின், அந்தக் குளிர்காலத்துல நீ மொத்தம் எத்தனை இடத்துக்குக் கையெழுத்துப் போட்ட?"

"நாப்பத்தாறு."

அடுத்த இடத்துக்குப் போக அவள் கார் சாவியை வெளியே எடுத்தாள்.