நாலு ஓம் மாப்பிள்ளை

கண்ணாடிக் கடைக்காரருக்கு யாரும் எதையும் சொல்லித்தரக் கூடாது. அந்த வட்டாரத்தில் பாதி மூக்குகளின்மேல் உட்கார்ந்திருப்பது அவர் மாட்டிவிட்ட கண்ணாடிதான். அதனால் எங்காவது ஓர் எண்ணைப் பார்த்தால் போதும், அது தனக்குத் தெரிந்த சமாச்சாரம் என்று ஒரு நினைப்பு வந்துவிடும். அந்த நினைப்புதான் மனிதரை ஸ்பீக்கர் கடையில் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

விஷயம் இதுதான். மாமியார் காலமான பிறகு மாமனார் தனிக்கட்டை. இனி மகள் வீட்டோடு வந்துவிடுகிறேன், ஆனால் எந்த மகள் வீடு என்பதை இரண்டு இடத்திலும் இருந்து பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்று சொல்லிவிட்டார். முதலில் சின்னவள் வீட்டுக்குப் போனார். சின்னவளின் கணவர், அதாவது நம்மவரின் சகலை, சோபா கடை வைத்திருப்பவர். வீட்டிலேயே ஹோம் தியேட்டர் வேறு. மாமனாருக்கோ பல் தேய்த்த கையோடு படம் பார்க்க வேண்டும், அதுவும் சண்டைப் படம்.

"மாமா சோபாவை விட்டு அசைய மாட்டேங்கறார் சகல!" என்று போனில் பெருமையடித்தார் சகலை. அன்றிலிருந்து கண்ணாடிக் கடைக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

ஏனென்றால் அவருக்கு மாமனார் வேண்டும். பந்தாவுக்காக இல்லை, மெய்யாகவே வேண்டும். தன் மகள் படிக்க வெளியூர் போனதிலிருந்து சாயங்காலம் என்றால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது என்றாகிவிட்டது. மனைவி ஆபீசிலிருந்து வந்ததும் ஒரு புத்தகத்துக்குள் போய்விடுவாள். கூப்பிட்டால் "உம்" என்பாள். மாமனார் இருந்தால் சீட்டாடலாம், தோற்கலாம், கள்ளாட்டம் ஆடுகிறார் என்று கத்தலாம். சண்டை போட ஆளில்லாத வீடும் ஒரு வீடா?

ஸ்பீக்கர்களுக்குச் சத்தம் அனுப்பும் ரிசீவர் ஒன்று அலமாரியில் பழசாய்த் தூங்கிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர்தான் இல்லை. கடைக்குப் போனார்.

"உங்க ரிசீவர் எத்தனை ஓம் சார்? அதான், மின்தடை எவ்வளவு?" என்று கேட்டார் ஸ்பீக்கர் கடைக்காரர்.

"பின்னாடி எட்டுன்னு போட்டிருக்கு."

"அப்ப எட்டு ஓம் ஸ்பீக்கராவே எடுத்துக்குங்க."

பக்கத்து அட்டைப்பெட்டியில் நாலு என்று போட்டிருந்தது. பார்த்தாரோ இல்லையோ, கண்ணாடிக் கடைக்காரருக்கு உள்ளே விளக்கு எரிந்தது.

"ஏங்க, நாலு குடுங்களேன். எட்டு பவர் கண்ணாடி என்ன கனம் கனக்கும் தெரியுமா? மூக்கே நசுங்கிடும். நாலு லேசா இருக்கும். மெஷினும் பாவம், கஷ்டப்படாதுல்ல?"

"சார், இது கண்ணாடி இல்ல…"

"நம்பர்னா நம்பர்தாங்க. நான் பாக்காத நம்பரா? நீங்க பில்லைப் போடுங்க."

கடைக்காரர் வாயைத் திறந்தார், பிறகு நமக்கென்ன என்று மூடிக்கொண்டார். முன்னால் வைக்க இரண்டு, பின்னால் வைக்க இரண்டு, ஆக நாலு ஸ்பீக்கர்கள் ஆட்டோவில் ஏறின.

வீட்டில் எல்லாவற்றையும் மாட்டி, ஒரு சண்டைப் படத்தைப் போட்டு, சத்தத்தை ஏற்றினார். ஹீரோ நடந்தான், பேசினான், எல்லாம் அமர்க்களமாகக் கேட்டது. முதல் குண்டு விழுந்தது. 'டக்!' அவ்வளவுதான். திரையில் கட்டடம் இடிந்து விழுகிறது, ஸ்பீக்கர்களிடம் மட்டும் மூச்சுப் பேச்சில்லை. ரிசீவரின் நெற்றியில் சிவப்பாக ஏதோ மினுங்கியது. அணைத்துப் போட்டால் மறுபடி பேசியது. அடுத்த குண்டுக்கு மறுபடி 'டக்!'

விசிறியைக் கொண்டுவந்து ரிசீவருக்கு வீசினார். ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் பையை எடுத்து அதன் தலையில் வைக்கப் போனவரை மனைவி பாய்ந்து தடுத்தாள். "ஏங்க, அதுக்கு என்ன ஜுரமா?"

வேறு வழியின்றி ஸ்பீக்கர் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"அதைத்தான் சார் அன்னிக்கே சொல்ல வந்தேன். நாலுன்னா தடை கம்மி. கரண்டை மடமடன்னு இழுக்கும். உங்க ரிசீவர் எட்டுக்குத்தான் தாங்கும். சூடாகி வெந்து போயிடக் கூடாதேன்னு அதுவே வாயை மூடிக்குது. சத்தத்தைக் குறைச்சு வெச்சுக் கேளுங்க. கடை நாலு நாள் லீவு. வந்ததும் மாத்தித் தர்றேன்."

சத்தத்தைக் குறைப்பதாவது! மாமனார் காதில் மெஷின் மாட்டியிருப்பவர். ஸ்பீக்கர் முணுமுணுத்தால் அவருக்கு எறும்பு ஊர்ந்த மாதிரிதான். அந்த மாமனார் மறுநாள் வருகிறார்.

வந்தார். கூடவே சகலையும் வந்தார், எல்லாப் பற்களும் தெரிய. மாமனாரை நடு நாற்காலியில் உட்காரவைத்துப் படத்தைப் போட்டார்கள். நம்மவர் மனைவியிடம் ரிமோட்டைக் கொடுத்துக் கண்ணைக் காட்டினார். நின்றால் அணைத்துப் போடு என்று அர்த்தம்.

முதல் குண்டு. 'டக்!' நிசப்தம். மனைவி அணைத்துப் போட்டாள். பேச்சு வந்தது. இரண்டாவது குண்டு. 'டக்!' மறுபடி நிசப்தம். சகலை மெதுவாகத் தலையைத் திருப்பிச் சிரித்தார். நம்மவர் முகத்தில் ஈயாடவில்லை. போச்சு, மாமனார் போச்சு, சீட்டுக்கட்டு போச்சு, இனி சுவர்தான்.

"மாப்ள!" என்றார் மாமனார். "என்ன வசதி இது! குண்டு விழுந்தா தானா வாயை மூடிக்குதே!"

"ஆங்?"

"எனக்குப் பேச்சு கேக்கணும், குண்டு கேக்கக் கூடாது. இந்தக் காது மெஷின்ல அது விழுந்தா மண்டைக்குள்ள சுத்தியல் போடற மாதிரி இருக்கு. சின்ன மாப்ள வீட்டுல நான் ஏன் அசையாம உக்காந்திருந்தேன்னு நெனச்சீங்க? எழுந்தா தலை சுத்தி விழுந்துடுவேன்னுதான்!"

சகலையின் பற்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதர் உண்மையைச் சொல்லியிருப்பார். கண்ணாடிக் கடைக்காரரும் நல்ல மனிதர்தான், ஆனால் நாக்கு முந்திக்கொண்டது.

"உங்களுக்காகத்தான் மாமா. சொல்லி, ஸ்பெஷலா செஞ்சு வாங்கினேன்."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மாமனாருக்கோ கண் கலங்கிவிட்டது. "அப்ப நான் இங்கயே இருந்துடறேன்" என்று சட்டைப் பொத்தானைக் கழற்றி விட்டுக்கொண்டார்.

சகலை சும்மா இருப்பாரா? டிவிக்குப் பின்னால் போய் முட்டி போட்டுத் துழாவினார். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. ஒயரைக் கண்டால் கை பரபரக்கும் ஜாதி அவர்.

"சகல, இது ஸ்பெஷலும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரிசீவர் எட்டு, ஸ்பீக்கர் நாலு. ஒரு பக்கத்துக்கு ரெண்டா வரிசையா கோத்துட்டா நாலும் நாலும் எட்டு ஆயிடும். அஞ்சு நிமிஷ வேலை."

"வேணாம் சகல! நல்லா இருப்பீங்க, விட்டுடுங்க!"

"இதுல என்ன இருக்கு? நமக்குள்ள உதவிதானே?" பைக்குள்ளிருந்து ஸ்க்ரூடிரைவர் வந்துவிட்டது. நம்மவர் அவர் காலைப் பிடித்து இழுத்தார். இழுக்க இழுக்க சகலை ஒயரைக் கோத்தபடியே இருந்தார்.

அடுத்த குண்டு விழுந்தது. அடேங்கப்பா! ஜன்னல் அதிர்ந்தது, அடுக்களையில் தட்டு உருண்டது, மாமனார் நாற்காலியோடு ஒரு துள்ளு துள்ளினார். காது மெஷினைப் பிடுங்கி மடியில் போட்டார். மனைவி பாய்ந்து டிவியை அணைத்தாள்.

"எனக்காகச் செஞ்சதுன்னீங்களே மாப்ள?"

கண்ணாடிக் கடைக்காரர் தரையிலிருந்து எழுந்தார். இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

"பொய் மாமா. தெரியாத்தனமா தப்பா வாங்கிட்டேன். நீங்க இங்கயே இருக்கணும்னு ஆசை. அதான் வாய்ல வந்துடுச்சு."

"என்னது?" மாமனார் காதருகே கையை வைத்தார்.

"பொய் சொல்லிட்டேன் மாமா! நீங்க இல்லாம எனக்குச் சாயங்காலம் போக மாட்டேங்குது!"

"ஆங்? சத்தமா சொல்லுங்க."

"நீங்க இங்கயே இருங்க மாமா! எனக்குப் பேச ஆளே இல்ல!" எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. யாரோ எட்டிப் பார்த்தார்கள். சொன்னவருக்குக் கண்ணில் தண்ணீர். புத்தகக்காரி ரிமோட்டை மார்போடு அணைத்தபடி கணவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாமனார் நிதானமாகக் காது மெஷினைத் துடைத்துப் பையில் போட்டார். சகலையிடம் திரும்பினார்.

"சின்ன மாப்ள, அந்த ஒயரைப் பழையபடி மாட்டிடுங்க."

"மாமா, ரிசீவர் சூடாகிச் செத்துடும்!"

"சாகட்டும். எனக்குப் படமா முக்கியம்?"

மெஷின் இல்லாமலே பதில் சொல்லிவிட்டார் என்பது கண்ணாடிக் கடைக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது.

"மாமா, உங்களுக்குத்தான் காது…"

"பக்கத்துல நின்னு பேசினா மெஷின் இல்லாமலே கேக்கும். மொதல்ல சொன்னதே கேட்டுச்சு மாப்ள" என்றார் மாமனார். "இப்படி யாரும் சொல்லி ரொம்ப நாளாச்சு. அதான் இன்னும் ரெண்டு தடவை கேட்டுக்கிட்டேன்."